பதிப்பகத்துக்குச் சமத்துவம் வந்த விவரம், ஆரணி மச்சானுக்கு

பொன்னேரி
ஞாயிற்றுக்கிழமை

ஆரணியில் சகல மரியாதையோடும் பம்புசெட்டோடும் வாழ்ந்துவரும் மச்சான் திரு. குப்புராஜ் அவர்களுக்கு, பொன்னேரியிலிருந்து தங்கள் தங்கை வீட்டுக்காரன் ஆதிகேசவன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் திலகவதியும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. வலி மேல் இருந்த கோபம் இப்போது என் பக்கம் திரும்பியிருக்கிறது. அங்கே தாங்களும் உங்கள் வீட்டு அக்காவும், மருமகப்பிள்ளை மணிகண்டனும், இந்தப் போகத்து நெல்லும் நலமாயிருக்கச் சிறுவாபுரி முருகனை வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் யார் தபாலில் கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் யோசிக்கலாம். போன் செய்தால் கட் செய்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் முகமே எனக்குத் தெரியவில்லை. வெள்ளையாக ஒரு பொம்மை நிற்கிறது. பிளாக் செய்தால் அப்படித்தான் தெரியும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தபால் இலாகாவை மட்டும் தாங்கள் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

போன வாரம் செவ்வாப்பேட்டையில் நடந்த வளைகாப்பில் தாங்கள் பந்தியில் உட்கார்ந்து, நாலு பேர் காதில் விழும்படி, "மாப்ள எம் புள்ளைக்கு வேல வாங்கித் தரேன்னுட்டு, காலனிப் பொண்ணுக்கு வாங்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறாரு" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொன்னவர் உங்கள் பக்கத்து இலைக்காரர், அதனால் பொய்யாக இருக்காது. மச்சான், இதில் ஒரு திருத்தம் உண்டு. நான் அந்தப் பெண்ணுக்கு வேலை வாங்கிக் கொடுக்கவில்லை. அவளே வாங்கிக்கொண்டாள். நடுவில் நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதைத் தாங்கள் முழுதாகத் தெரிந்துகொண்டு, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

என் ஒன்றுவிட்ட தம்பி சந்திரமோகனைத் தங்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட் போகிற வழியில், முன்பு பிளாஸ்டிக் குடம் செய்துகொண்டிருந்த ஷெட்டை வாங்கி, செண்பகம் பதிப்பகம் என்று அம்மா பெயரைப் போட்டு, பத்தாம் வகுப்புக் கணக்கு கைடு விற்று ஆளானவன். ஷெட்டில் கீழே புத்தகம் மடிப்பது, தைப்பது, பண்டல் கட்டுவது. மாடியில் ஏசி போட்டு எடிட்டோரியல். லண்டனில் ஒரு கம்பெனி சின்னப் பிள்ளைகளின் படக்கதைப் புத்தகங்களைத் தமிழில் செய்து தரும் வேலையைக் கொஞ்ச காலமாக இவனுக்குக் கொடுத்துவருகிறது. அந்த வேலை வந்த பிறகுதான் அவன் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட ஆரம்பித்தான். அந்தக் கம்பெனியிடமிருந்து திடீரென ஒரு மெயில். எங்களுக்கு வேலை செய்கிற பதிப்பகங்கள் எல்லாம் ஆட்களை எப்படி வேலைக்கு எடுக்கின்றன, அதில் சமத்துவம் இருக்கிறதா, பல தரப்பட்ட ஜனங்களும் இருக்கிறார்களா (இதற்கு டைவர்சிட்டி என்று பெயராம்) என்று ஆராய்ந்து அறிக்கை அனுப்ப வேண்டும், அடுத்து காலியாகிற இடத்தைப் பெயர், ஊர், அப்பன் பெயர் எதையும் பார்க்காமல் நிரப்பிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த புத்தகம் கிடையாது என்று அதில் போட்டிருந்தது. சந்திரமோகன் ஒரு டஜன் ஆப்பிளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டான். இரும்பு மில்லில் டைம் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவன் நான் ஒருவன்தான் குடும்பத்தில் ஆள் விவகாரம் தெரிந்தவனாம். "ஒரு ஆராய்ச்சி பண்ணிக் குடுண்ணே, பேஜாராப் பூட்ச்சி" என்றான். டைம் ஆபீசில் நான் செய்தது யார் லேட்டாக வந்தார்கள் என்று குறித்துக்கொண்டது மட்டும்தான். ஆனால் யார் வந்தாலும் ஒரே பேனாவால் குறித்தேன். அதுவும் ஒரு வகைச் சமத்துவம்தானே என்று ஒப்புக்கொண்டேன். திலகவதி 'டைவர்சிட்டி' என்பதை 'யுனிவர்சிட்டி' என்று காதில் வாங்கி, நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டதாகத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை. மறுத்தால் விளக்க வேண்டும், விளக்க எனக்கே தெரியாது.

உண்மையைச் சொல்கிறேன் மச்சான், அந்த ஆப்பிள் பையை வாங்கி வைக்கும்போதே என் கண்ணில் மணிகண்டன் தெரிந்தான். இங்கிலீஷ் பி.ஏ. படித்து, ஒரே ஒரு அரியர் பாக்கி இருந்த ஒரே காரணத்துக்காக, பிள்ளை பம்புசெட் ரூமில் கட்டிலைப் போட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறான். அங்கே காலியாகப் போவது உதவி ஆசிரியர் இடம். ஆராய்ச்சி செய்யப் போகிறவன் நான். சமத்துவமே என் கைக்குள் வந்துவிட்ட பிறகு சொந்த மருமகப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி வராமல் போகுமா? உடனே உங்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன், தாங்களும் அடுத்த வாரமே அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டீர்கள். அந்த அவசரத்தில் இருவருக்கும் பங்கு உண்டு.

ஆராய்ச்சியை மாடியில் தொடங்கினேன். ஒவ்வொருவராக உட்காரவைத்து, இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். தலைமை ஆசிரியர் சந்திரகலா, சந்திரமோகனின் மச்சினி. ஒரு நாள் அக்காவைப் பார்க்க வந்தாராம், அவசரமாக ஒரு பக்கத்தைப் பார்த்துக் கொடு என்றார்களாம், அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். பக்கம் வடிவமைக்கிறவர் சந்திரமோகனோடு கிரிக்கெட் ஆடினவர். பிழை திருத்துகிறவர் இவன் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக் கொடுத்தவரின் தம்பி. கணக்கு எழுதுகிறவர், கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர், கூரியருக்குக் கட்டிக் கொடுக்கிறவர் என்று யாரைக் கேட்டாலும் கடைசியில் இரண்டே தெருவில் போய் முடிந்தது. அந்த இரண்டு தெருவும் பின்பக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பவை. வேலைக்கு விளம்பரம் கொடுத்ததே இல்லையா என்று சந்திரமோகனைக் கேட்டேன். கொடுத்தோமே என்றான். எங்கே என்றேன். ஆபீஸ் சுவரில் ஒட்டினானாம், உள் பக்கமாக. உள்ளே இருந்தவர்கள் படித்துவிட்டு அவரவர் வீட்டில் சொன்னார்களாம். சமத்துவத்தைப் பற்றி அவனுக்குச் சந்தேகமே இல்லை. எல்லாரையும் ஒரே மாதிரிதான் திட்டுகிறானாம். பல தரப்பு என்பதற்கும் ஆதாரம் வைத்திருந்தான்: ஒருவர் பொன்னேரியில் ரயில் ஏறுகிறார், ஒருவர் பைக்கில் வருகிறார், ஒருவர் வெங்காயம் கூடச் சேர்க்க மாட்டார்.

இந்த விவரத்தை அப்படியே எழுதினால் லண்டன்காரன் அடுத்த பிளைட்டில் வந்துவிடுவான் என்று பயந்து கீழே இறங்கினேன். இறங்கினால் மச்சான், அங்கே புதையல். பண்டல் கட்டுகிற பெண்கள் அத்தனை பேரும் காலனி. சர்ச்சுக்குப் போகிறவர்களும் உண்டு, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர்களும் உண்டு. இவர்களுடைய அப்பா அம்மா எல்லாம் நம் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர்கள். இப்போது வீட்டுக்கு ஒருவர் சிப்காட்டில் ஷிப்டு பார்க்கிறார்கள். மாடியையும் கீழ்த்தளத்தையும் கூட்டி மொத்தமாகக் காட்டினேன். பன்முகத்தன்மை பாதிக்கு மேல் எகிறிவிட்டது. வட்டப் படம் போட்டு, கலர் அடித்து, நானே அசந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்களில் மூத்தவர் ரோசம்மாள். அவரிடம் எப்படி வேலைக்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, ஷெட்டுக்கு மேல் மாடி எடுத்தபோது செங்கல் தூக்கியதாகவும், கட்டி முடித்ததும் இங்கேயே இரு என்றதால் இருந்துவிட்டதாகவும் சொன்னார். மாடி வேலைக்கு எப்போதாவது விண்ணப்பித்தீர்களா என்றேன். அறிக்கையில் அந்தக் கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும். அவர் பண்டலை இறுக்கிக்கொண்டே, "மேல இன்னா வேல நடக்குதுன்னே இதுவரிக்கும் யாரும் சொன்னதில்ல சார்" என்றார். கீழே இருந்து யாராவது மேலே போனதுண்டா என்று சந்திரமோகனைக் கேட்டேன். அவன் கொஞ்சம் வருத்தப்பட்டுப்போனான். "மாடிப்படி எல்லாருக்கும் பொதுவாத்தாண்ணே கட்டிக்கிது" என்றான். நியாயமான பதில். அதைக் கட்டட வசதிகள் என்ற தலைப்பின் கீழ் சேர்த்துக்கொண்டேன். ஆனால் லண்டனிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: வட்டப் படம் மிக அழகு, தயவுசெய்து மாடிக்கு ஒன்று, கீழ்த்தளத்துக்கு ஒன்று என்று இரண்டாக அனுப்பவும். அப்படி இரண்டாகப் போட்டபோது, ஒவ்வொரு வட்டமும் முழுக்க ஒரே கலராக, இரண்டு தோசை மாதிரி வந்தன.

இனி தப்பிக்க வழி, காலி இடத்தை அவர்கள் சொன்னபடி நிரப்புவதுதான். ரயில் நிலையத்துக்கு வெளியே, சிப்காட் பஸ் ஸ்டாப்பில், ஆரணி மார்க்கெட்டில் எல்லாம், யாராயிருந்தாலும் ஒரே கேள்விதான் என்று போட்டு நோட்டீஸ் ஒட்டினோம். மார்க்கெட்டில் ஒட்டச் சொன்னது நான்தான், மணிகண்டன் வெளிப்படையாக விண்ணப்பித்த மாதிரி இருக்கட்டும் என்று. ஜனம் அலைமோதியது. வெல்டிங் சர்டிபிகேட்டோடு வந்தவர்கள் உண்டு. ஒரு பெரியவர் பதிப்பகத்தைப் படிப்பகம் என்று வாசித்துவிட்டுப் பேப்பர் படிக்க வந்தார். காத்திருந்து தேர்வும் எழுதிவிட்டு, ஃபேன் நல்ல ஃபேன் என்று சொல்லிப் போனார். யார் யார் என்று தெரியாமல் ஆளுக்கு ஒரு நம்பர். கையெழுத்துகூடத் தெரியக் கூடாதென்று கம்ப்யூட்டரில் டைப் செய்ய வைத்தோம். எந்த நம்பர் யாருடையது என்பது சந்திரகலாவின் மேஜைக்குள் பூட்டி வைக்கப்பட்டது. இங்கிலீஷில் இருக்கிற ஒரு தவளைக் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்குப் புரிகிற தமிழில் எழுத வேண்டும். பிறகு பிழை மலிந்த ஒரு பக்கத்தைத் திருத்த வேண்டும். அவ்வளவுதான் தேர்வு. நம்பரை எனக்குப் போனில் சொல்லிவிடு என்று மணிகண்டனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அந்த விதியையும் நான்தான் எழுதியிருந்தேன், வேறு யாரோ செய்யப்போகும் தில்லுமுல்லுக்குப் பயந்து.

இந்த இடத்தைத் தாங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். பிள்ளை எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டு வெளியே போகும்போது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்து முதலில் ஐந்து விரலைக் காட்டினான், பிறகு இரண்டு விரலைக் காட்டினான். ஐந்தும் இரண்டும் ஏழு. நான் தலையை ஆட்டினேன், அவனும் சிரித்துக்கொண்டே போனான். பிறகுதான் தெரிந்தது, ஐந்து விரல் டாட்டா, இரண்டு விரல் வெற்றி. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வெற்றியைக்கூட விரலில்தான் சொல்கிறார்கள், அதைக் கூட்டிப் பார்த்தது என் தப்பு. தேர்ந்தெடுக்க உட்கார்ந்தவர்கள் மூன்று பேர்: சந்திரமோகன், சந்திரகலா, நான். நான் ஏழாம் நம்பரைத் தவிர வேறு எதையும் பார்க்க மறுத்தேன். ஏழில் மொழி ஆளுமை இருக்கிறது, ஏழில் தவளைக்கு உயிர் இருக்கிறது என்று, அதைப் படிக்காமலேயே, நெஞ்சைத் தொட்டுப் பேசினேன். எனக்கு ஆச்சரியம், சந்திரமோகனும் ஏழு என்றான். அவனுடைய மூத்த சகலை மகள் நர்மதாவும் தேர்வு எழுதியிருந்தாள். அவள் போகும்போது தவளையைப் பற்றி எழுதியிருக்கிறேன் சித்தப்பா என்று காதில் சொல்லிவிட்டுப் போனாளாம். ஏழில் தவளை இருந்தது. எல்லாவற்றிலும் தவளைதான் இருந்தது, ஆனால் அவனும் ஏழுக்கு மேல் படிக்கவில்லை. சந்திரகலா மட்டும் எல்லாத் தாள்களையும் உட்கார்ந்து படித்துவிட்டு ஏழு என்றார். இங்கிலீஷில் அந்தத் தவளை, தயவுகூர்ந்து சற்று இடம்விட முடியுமா என்கிற தோரணையில் ஏதோ கேட்கிறது. ஏழாம் நம்பர் அதை, "கொஞ்சம் நவுந்து குந்து, நானும் குந்திக்கிறேன்" என்று எழுதியிருந்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சந்திரகலா சிரித்தார். நாங்களும் சிரித்தோம், அவரவர் சொந்தக்காரரின் திறமையை நினைத்து.

இப்படி மூன்று பேரும் ஒரே மனதாக முடிவு செய்து, மேஜையைத் திறந்து பார்த்தால், ஏழாம் நம்பர் சி. ஏஞ்சலின். எந்த ஏஞ்சலின் என்று சந்திரமோகன் கேட்டான். சந்திரகலா முகவரியைப் பார்த்துவிட்டு, நம்ம ரோசம்மா பொண்ணு என்றார். சந்திரமோகன் எழுந்துபோய் ஏசியைக் கூட்டி வைத்தான். நர்மதா மூன்றாம் நம்பர்; சரியாக இருந்ததையும் சேர்த்துத் திருத்தியிருந்தாள். நம் மணிகண்டன் பதினொன்று. அவன் தாளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். பக்கம் முழுக்கப் பிழைகள் இருக்க, அடியில் "இதில் பிழை எதுவும் இல்லை. அருமை. எழுதியவருக்கு வாழ்த்துகள்" என்று டைப் செய்திருந்தான். மச்சான், இதைக் குறையாகச் சொல்லவில்லை. யாரிடமும் குற்றம் காணாத குணம் இந்தக் காலத்தில் யாருக்கு வரும்? தங்கள் வளர்ப்பு அது. ஆனால் அந்த உத்தியோகம் நாள் முழுக்கக் குற்றம் காணுகிற உத்தியோகமாகப் போய்விட்டது.

சந்திரமோகன் சும்மா விடவில்லை. இது முதல் சுற்றுதான், இன்னும் நேர்காணல் பாக்கி இருக்கிறது என்று அந்த நிமிஷமே ஒரு சுற்றை உண்டாக்கி, அன்று சாயங்காலமே நர்மதாவைக் கூப்பிட்டு அவள் நேர்காணலை முடித்துவிட்டான். ஏஞ்சலின் மறுநாள் காலை, நைட் ஷிப்டு முடிந்து, கம்பெனி சட்டையோடு நேராக வந்தாள். மணிகண்டன் படித்த அதே காலேஜ், அதே இங்கிலீஷ் பி.ஏ., அரியர் மட்டும் வைக்கவில்லை. படித்து முடித்ததிலிருந்து சிப்காட்டில் செல்போன் சார்ஜர் செய்கிற இடத்தில் நின்றுகொண்டே வேலை. சந்திரமோகன் எந்த ஊர் என்று கேட்டான், சொன்னாள். அப்பா என்ன செய்கிறார் என்றான். கேன்டீனில் இருக்கிறார் என்றாள். கல்யாணம் எப்போது செய்கிறதாக உத்தேசம் என்றான். அதற்கு மட்டும் அவள் திருப்பிக் கேட்டாள்.

"சார், எல்லாரையும் ஒரே கேள்விதான் கேப்பீங்கன்னு நோட்டீஸ்ல போட்டுகிறீங்க. மூணாம் நம்பரு கூட நேர்காணலுக்கு வந்துச்சுன்னு சொன்னாங்க. அவங்கப்பா இன்னா பண்றாருன்னு அவங்களையும் கேட்டீங்களா?"

"அத எதுக்கும்மா கேக்கணும், அவரு என் சகலையாச்சே, எனக்குத் தெரியாதா" என்றான் சந்திரமோகன்.

கள்ளமே இல்லாமல் சொன்னான், பாவம். நேர்காணலில் பேசியதை எல்லாம் எழுதுகிற பொறுப்பு என்னுடையது. டைம் ஆபீஸ் பழக்கம், காதில் விழுந்ததைக் கை எழுதிவிடும். எழுதிவிட்டேன்.

அந்தப் பெண் வெளியே போனதும் சந்திரமோகன் மறுதேர்வு வைக்கலாமா என்று ஆரம்பித்தான். தேர்வு அன்றைக்குக் கரண்ட் போய்ப் போய் வந்ததாகக் காரணம் எழுதலாமாம். நான் கரண்ட் போனதற்குச் சாட்சி சொல்லத் தயாராகத்தான் இருந்தேன், எல்லாம் உங்களுக்காக. அப்போதுதான் சந்திரகலா கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். அவர் உரத்துப் பேசுகிறவர் அல்ல.

"மாமா, இங்க மூணு பேரு வேலைய நான் ஒருத்தி பாக்கறேன். மீதி ரெண்டு பேரு யாருன்னு உங்களுக்கே தெரியும், ரெண்டும் நம்ம சொந்தம். இந்தப் பொண்ணு வந்தா நான் பொழுதோட ஊட்டுக்குப் போவேன். இது வரலன்னா நாளைலேர்ந்து நானும் வரல."

அவருடைய மாமியார் வேறு ஒரு பையனைச் சொல்லி அனுப்பியிருந்தாராம், அவனும் எழுதியிருந்தானாம், அது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமியாரிடம் என்ன சொல்லுவாய் என்று சந்திரமோகன் கேட்டான். லண்டன் ரூல் என்று சொல்லிவிடப் போவதாகவும், அந்த அம்மா சண்டை போடுவதற்காக லண்டன் வரைக்கும் போக மாட்டார் என்றும் சந்திரகலா சொன்னார். அதைக் கேட்டதும் சந்திரமோகன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள். சகலைக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலைதான் அவனை அத்தனை நேரமும் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. சமத்துவத்தைச் சொந்தக்காரர்களிடமிருந்து தப்பிக்கிற வழியாகப் பயன்படுத்தலாம் என்று தெரிந்த பிறகு அவனுக்கு அதன் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. அந்த மேஜையைச் சுற்றி மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது, லண்டன் தயாராக வைத்திருந்தது. என் பங்குச் சாக்கைத்தான் இப்போது தங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரோசம்மாளிடம் சொல்லச் சந்திரமோகனே கீழே போனான், பின்னால் நான். முதலாளி இறங்கி வருவதைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். உம் பொண்ணு ஒண்ணாந் தேதிலேர்ந்து மேல வேலைக்கு வருது என்று அவன் சொன்னான். அவர் பாதியில் நின்ற பண்டலைக் கட்டி முடித்தார். முடிச்சைப் போட்டு, நுனியை வெட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அப்ப என்னிய நிறுத்திருவீங்களா சார்?"

வீட்டுக்கு ஒருவர்தான் என்று அவர் நினைத்திருக்கிறார். ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். அவருக்குத் தெரிந்த வேலை விதி அது ஒன்றுதான் போலும். மாடியில் ஒரே வீட்டுக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறோம், அது எங்களுக்கு ஒரு நாளும் கேள்வியாகத் தோன்றியதில்லை. அதெல்லாம் இல்லம்மா, நீயும் இரு என்று சந்திரமோகன் வேகமாகச் சொல்லிவிட்டுப் படியேறிவிட்டான். ரோசம்மாள் அங்கேயே அடுத்த பண்டலை எடுத்து வைத்துக்கொண்டார், ஆனால் போட்ட முடிச்சையே அவிழ்த்து மறுபடி போட்டார். பக்கத்தில் இருந்த பெண் வாங்கிக் கட்டினாள். மறுநாள் காலை நான் நாஷ்டாவைத் தள்ளி வைத்துவிட்டேன் மச்சான். பித்தமாக இருக்கும் என்று திலகவதி இஞ்சி தட்டிக் கொடுத்தாள்.

ஏஞ்சலின் சேர்ந்த முதல் நாள் டீ நேரத்தில் ஒரு சங்கடம். மாடியில் எல்லாருக்கும் பெயர் போட்ட பீங்கான் கோப்பை உண்டு, கீழே பேப்பர் கப். அவளுக்குப் பேப்பர் கப்பில் வந்தது. புதுசா வாங்கணும், ஆர்டர் போட்டிருக்கேன் என்று சந்திரமோகன் விளக்கம் சொன்னான். அவன் ஆர்டர் போடவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். மறுநாள் சந்திரகலா தன் கோப்பையை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டு எனக்கும் பேப்பர் கப் போதும் என்றார். அதற்கு மறுநாள் இன்னும் ரெண்டு பேர். வார முடிவில் கோப்பை வைத்திருந்தவர்களுக்கு அதைத் தூக்கிக் குடிக்கக் கூச்சமாகப் போய்விட்டது. சந்திரமோகன் உடனே அனைவருக்கும் ஒரே விதமான கோப்பை அறிமுகப்படுத்தப்பட்டுள்ளது என்று அறிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னான், சேர்த்தேன். மத்தியானம் ஆனால் ரோசம்மாள் படிக்குக் கீழே நின்றுகொண்டு, "ஏஞ்சலு, சோறு துன்னியா" என்று ஷெட்டே அதிரக் கேட்கிறார். எத்தனை தடவை சொல்லியும் படியேறி வர மாட்டேன் என்கிறார். அவள்தான் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போகிறாள். இரண்டு நாளாகச் சந்திரகலாவும் கூடப் போகிறார். கீழே காற்று வருகிறதாம்.

நடந்தது இவ்வளவுதான். மணிகண்டனை நான் கைவிட்டேன் என்பது அபாண்டம். அவனுக்காக நான் போராடிய வேகத்தில்தான் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது என்றுகூடச் சொல்லலாம், தயவுசெய்து வெளியில் சொல்லிவிடாதீர்கள். தங்கள் மனம் வருந்திய பிறகு எனக்கு அந்த ஆராய்ச்சியும் வேண்டாம், அந்த ஏசியும் வேண்டாம். நாளை திங்கட்கிழமை காலை முதல் வேலையாகச் சந்திரமோகனிடம் போய், இந்தப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன். சொந்தமா சமத்துவமா என்று வந்தால் இந்த ஆதிகேசவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதை அடுத்த வளைகாப்பில் தாங்களே நாலு பேரிடம் சொல்லலாம். இனி என் வாயால் டைவர்சிட்டி என்ற வார்த்தை வராது, இது உறுதி.

உங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். மணிகண்டனுக்கு என் ஆசி; அந்த அரியரை மட்டும் இந்தத் தடவை எழுதச் சொல்லவும். திலகவதி அண்ணனையும் அண்ணியையும் கேட்டதாகச் சொல்லச் சொல்கிறாள், அத்தோடு போனை எடுக்கவும் சொல்கிறாள். வயலும் வாய்க்காலும் நிறைந்து, கோபமெல்லாம் வடிந்து, தாங்கள் நீடூழி வாழ வேண்டும்.

தங்கள் பாசத்துக்கு ஏங்கும்,
ஆதிகேசவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற சமயத்தில் சந்திரமோகன் நேரில் வந்துவிட்டான். லண்டன்காரர்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, சகலை வரைக்கும் மறைக்காமல் எழுதிய இவ்வளவு நேர்மையான அறிக்கை இதுவரை எங்கிருந்தும் வந்ததில்லை என்று போனில் பாராட்டினார்களாம். அறிக்கையின் இங்கிலீஷும் பிரமாதமாம். அதை இங்கிலீஷில் எழுதித் தந்தது ஏஞ்சலின் என்று சந்திரமோகன் சொல்ல வாயெடுப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டதாம். இந்த வட்டாரத்தில் அவர்களுக்கு வேலை செய்கிற எல்லா இடங்களிலும் ஆளெடுப்பதில் சமத்துவம் இருக்கிறதா என்று மேற்பார்வை பார்க்க ஒரு நிரந்தர அதிகாரி வேண்டும் என்றார்களாம். எங்க அண்ணன் இருக்காரு என்று இவன் சொல்ல, சரி என்று அவர்களும் ஒப்புக்கொண்டார்களாம். விளம்பரம் கிடையாது, தேர்வும் கிடையாது. ஆகவே விலகுவதாக மேலே எழுதியதைத் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிரிவுக்கு நம்பகமான உதவியாளர் ஒருவரை நானே நியமித்துக்கொள்ளலாமாம். மணிகண்டனை இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே அனுப்பிவைக்கவும். ஆபீசில் என்னை மாமா என்று கூப்பிடக் கூடாது, சார் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் சொல்லி அனுப்பவும்.